டீச்சரை அடித்த பிள்ளை

நான் குனிந்து நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். என்னை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியும் அடிக்க மாட்டேன் என்கிறாள்.

"அடிங்கட்டி! டீச்சருக்குத் தொண்டையில என்னமோ மாட்டிக்கிட்டு. மூச்சு போவல. இப்ப என்ன செய்யணும்? சொல்லிக் குடுத்தேம்லா? ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, உள்ளங்கையோட அடிப்பக்கத்தால, ஓங்கி அஞ்சு அடி. ம், அடி!"

பின்னால் கிசுகிசுப்பு, அடக்கிய சிரிப்பு. அப்புறம் ஒரு விரல்நுனி, சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுகிற மாதிரி என் முதுகைத் தொட்டது. திரும்பிப் பார்த்தால், தொட்டவள் அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிடுவோமே, அப்படி. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "ஏ மூதி, நான் செத்துக்கிட்டு இருக்கேன், நீ கும்பிட்டுக்கிட்டா நிக்க?" என்று கத்தினேன். வகுப்பே சிரித்தது.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்காமல் என்னை யாரும் பார்த்திருக்க முடியாது. நான் விசில் ஊதினால் பக்கத்துத் தெரு நாயும் வரிசையில் நிற்கும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அந்தச் சத்தத்துக்காகவே முதலுதவி வகுப்பையும் ஹெச்.எம். என் தலையில் கட்டினார். "உங்களுக்குத்தான் டீச்சர் பிள்ளைங்க பயப்படும்" என்றார். பயிற்சிக்குப் போனேன், படித்தேன், வந்து சொல்லிக் கொடுத்தேன். பழைய துணியைத் திணித்து ஒரு பொம்மை தைத்தோம். அதன் நெஞ்சில் அமுக்கினார்கள், முதுகில் அடித்தார்கள், அதிலும் வராவிட்டால் பின்னாலிருந்து வயிற்றைக் கட்டி மேலே தூக்கினார்கள், கட்டுப் போட்டார்கள். பொம்மை என்றால் பிள்ளைகளுக்குக் கை நன்றாகவே வந்தது.

ஆள் என்றால்தான் வரவில்லை. அதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. இந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். ஆனால் கண்ணெதிரே ஒரு பெரிய மனுஷர் மூச்சடைத்து நின்றால், 'ஐயோ, அவரை நான் எப்படித் தொட?' என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். மரியாதை பார்த்தே ஓர் உயிரை விட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு வம்பு, தலையில் தட்டுவது. புரையேறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது வகுப்பு முழுக்க ஒரே குரலில், "தலையில தட்டி, தண்ணி குடுப்போம் டீச்சர்" என்றது. முதல் பெஞ்சில் இருந்த, வடகரை ஊரிலிருந்து வருகிற பிள்ளை எழுந்து, "எனக்குப் புரையேறுனா எங்க உம்மா தலையில தட்டி, 'வாப்பா நினைக்காவ'ன்னு சொல்லுவா டீச்சர். சொல்லி வாய மூடல, துபாய்லேருந்து போன் வரும்" என்றாள். வகுப்பிலேயே குட்டையானவள் அவள். அதனால்தான் முதல் பெஞ்ச். வாய் மட்டும் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

"வரட்டும், பேசு. நல்லாப் பேசு. ஆனா இதக் கேட்டுக்கோ. புரையேறி இருமுனா சத்தம் வரும். சத்தம் வந்தா நீ ஒண்ணும் செய்யாத. கூட நில்லு, அது போதும். யாரு வேணாலும் நினைச்சுக்கிடட்டும். சத்தமே வராம, கழுத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு முழிச்சா, அங்கன வாப்பா நினைக்கல, எமன்தான் நினைக்கான். அப்ப தலையில தட்டுனா ஆளு போயிரும். தண்ணி குடுத்தாலும் போயிரும். முதல்ல என்ன கேக்கணும்?"

"பேச முடியுதான்னு கேக்கணும் டீச்சர்."

"ஆங். முடியாதுன்னு தலைய ஆட்டுனா?"

"அடிக்கணும் டீச்சர்."

"அப்ப நீயே வா. வந்து என்னைய அடி."

வந்தாள். என் பின்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "எனக்கு வராது டீச்சர். உங்களப் போயி எப்படி அடிக்க?" என்றாள்.

"அடிக்க வராட்டா முட்டி போடு!"

பிள்ளைகளை முட்டி போடச் சொல்லக் கூடாது என்று இப்போது விதி. வாய் பழகிவிட்டது, சட்டென்று வந்துவிட்டது. அவளும் பழகியவள்தான், பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கரும்பலகைக்குக் கீழே முட்டி போட்டு, அங்கிருந்தே எல்லாருக்கும் பழிப்புக் காட்டினாள். அவளுக்கு அடுத்து வகுப்பு லீடரைக் கூப்பிட்டேன். இலத்தூர்க்காரி, போலீஸ்காரர் மகள், என்னைவிட உயரம். பொம்மையை அவள் அடிக்கிற அடியில் துணி பிதுங்கும். அவளும் என் முதுகில் தாலாட்டுத் தட்டுத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மணி அடித்துவிட்டது. நாசமாய்ப் போங்கள் என்று நானும் போய்விட்டேன்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு முதலுதவிப் பந்தல் போட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடங்களை முறை வைத்துப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் முறை ஒரு சனிக்கிழமை வந்தது. "அருவிப் பக்கம் ஒரு பிள்ளை போகக் கூடாது. போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று ஹெச்.எம். என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏறுமுன்னே நான் பிள்ளைகளிடம் அதைப் பத்து மடங்காக்கிச் சொன்னேன்.

காலையிலிருந்து வந்ததெல்லாம் வழுக்கி விழுந்த கேஸ்கள்தான். உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, ஈரப் பாறையில் கால் வைத்து, முட்டி சிராய்த்துக்கொண்டு வருவார்கள். தொப்பையும் துண்டுமாக, எண்ணெய் வடிய வடிய ஒருத்தர் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். "காயத்தப் பாருங்கட்டி, ஆளப் பாக்காதிய" என்று அதட்டினேன். தலையைக் குனிந்துகொண்டே மருந்து போட்டார்கள். நன்றாகத்தான் போட்டார்கள். ஆனால் எண்ணெயில் பிளாஸ்திரி ஒட்டவே ஒட்டாது. வடகரைப் பிள்ளைதான் ஒரு பழைய துண்டை எடுத்து எண்ணெயை அழுத்தித் துடைத்துவிட்டு ஒட்டினாள். "ஏளா, உனக்கு மூளை கூட இருக்கா?" என்று கேட்டேன். "டீச்சருக்கு இப்பதான் தெரியுதாக்கும்" என்றாள்.

மத்தியானம் சாரல் கொஞ்சம் கனத்தது. ஆட்கள் வரவில்லை. பந்தலை ஒட்டி ரம்புட்டான் பழம் விற்கிற அண்ணாச்சி ஒருத்தர் பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் ஒதுங்கி நின்றார். எங்களைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கை பழத்தை அள்ளிக் கொண்டுவந்து, "டீச்சர், நின்னுக்கிட்டே இருக்கிய. சாப்பிடுங்க" என்று என் கையில் வைத்தார். ஒன்றை உரித்து, வழுக்குகிற வெள்ளைச் சுளையைக் கொட்டையோடு முழுசாக வாயில் போட்டேன். நல்ல இனிப்பு.

அப்போது பார்த்தால், என் பிள்ளைகளில் இரண்டு பேர் பந்தலை விட்டு இறங்கி அருவிப் பாதையில் நழுவுகிறார்கள். எங்கிருந்தோ ஒரு போன் வேறு கையில். எனக்கு வந்த கோபத்தில் வாயில் பழம் இருந்தது மறந்துபோனது. "ஏட்டி..!" என்று கத்தினேன். கத்துவதற்கு மூச்சை இழுத்தேன் பாருங்கள், அந்த மூச்சோடு பழமும் உள்ளே போனது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் கதை அதுதான்.

முதலில் எனக்கே புரியவில்லை. இருமினால் வந்துவிடும் என்று நினைத்தேன். இருமல் வரவில்லை. இருமுவதற்குக் காற்று வேண்டுமே. தொண்டையில் வழவழவென்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அது மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. வாயைத் திறக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. நான் வகுப்பில் சொன்னேனே, சத்தம் வராத கேஸ், அது நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அந்த இடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதை ஒருத்தரிடமும் சொல்ல என்னால் முடியாது.

அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார். ஓடி வந்தார். "புரையேறிக்கிட்டா? யாரோ நினைக்காவ டீச்சர்" என்று உச்சந்தலையில் தட்டினார். நல்ல மனுஷர், பதறிப்போய்த் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தச் சனியன் இன்னும் கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. நான் அவர் கையைத் தள்ளினேன். அவருக்கு அது விளங்கவில்லை. "தண்ணி கொண்டாங்கம்மா!" என்று கத்தினார். எங்கள் லீடர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அத்தனையும் படித்தவள், அத்தனையும் சொல்லத் தெரிந்தவள், மூடியைத் திறந்து என் வாயில் வைக்க வருகிறாள். அடிப் பாவி! வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் சோடா என்றார். ஒருத்தர் மயக்கம் என்றார். அருவி இரைச்சல் ஒரு பக்கம்.

கை தானாக விசிலுக்குப் போனது. முப்பது வருஷப் பழக்கம் அது; பிள்ளைகளைக் கூப்பிட வேண்டுமென்றால் விசில். எடுத்து வாயில் வைத்தேன். ஊதினேன். சத்தம் வரவில்லை.

மேஜையில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்த வடகரைப் பிள்ளை அதைப் பார்த்தாள். என் வாயில் விசில் இருக்கிறது, கன்னம் அசைகிறது, சத்தம் இல்லை. அவள் கையிலிருந்த துணி உருண்டு மண்ணில் விழுந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் இவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள்.

"டீச்சர், பேச முடியுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தலையில தட்டாதிய! ஏட்டி, தண்ணிய அங்கிட்டு எடு! குடுக்காத!" என்று அண்ணாச்சியின் கையைத் தள்ளினாள், லீடரின் பாட்டிலைத் தட்டிவிட்டாள். என்னைக் குனிய வைத்தாள். அவள் கை என் முதுகில் வந்து நின்றது.

நின்றது. வகுப்பில் நின்ற மாதிரியே நின்றது.

அப்புறம் ஒரு தட்டு. பூப்போல. எனக்கு அழுகை வந்தது. கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் முட்டி நின்றது, அது வேறு. இவள் அடிக்கப் போவதில்லை, என்னை டீச்சர் என்று நினைக்கிறாள், அந்த நினைப்பிலேயே நான் போய்விடப் போகிறேன் என்று தோன்றியது. காது அடைத்தது. கையைப் பின்னால் நீட்டி அவள் பாவாடையைப் பிடித்து உலுக்கினேன். அடி. அடிட்டி. என் தங்கமே, அடி.

அடுத்து விழுந்தது அடி. தோள்பட்டை இரண்டும் சேர்ந்துவிட்ட மாதிரி விழுந்தது. "அல்லா, அல்லா" என்று அவள் முனகுவது கேட்டது. மறுபடி. மறுபடி.

"ஏ புள்ள, டீச்சரையா அடிக்க? கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?" என்று கூட்டத்தில் ஒரு ஆள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டார். பொறுப்பான மனுஷர்தான். கண்ணெதிரே ஒரு பிள்ளை டீச்சரை அடித்தால் யார் சும்மா இருப்பார்கள்? அந்தக் கையை விடச் சொல்ல எனக்கு வாய் இல்லை. பக்கத்தில் மரம்போல் நின்ற லீடருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "விடுங்க சார்! அவ சரியாத்தான் செய்யுதா! விடுங்க!" என்று அந்த ஆளின் கையைப் பிய்த்து எடுத்தாள். போலீஸ்காரர் மகள் என்றால் சும்மாவா.

மீதி அடியையும் அடித்து முடித்தும் பழம் வரவில்லை. அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். பின்னாலிருந்து என் வயிற்றைக் கட்டினாள். கட்ட வரவில்லை. நான் என்ன பொம்மையா? என் சுற்றளவுக்கு அவள் குட்டைக் கை எட்டவில்லை. எட்டினாலும் அவள் உயரத்துக்குப் பிடி இடுப்பில்தான் விழுந்தது. இரண்டு தடவை பார்த்தாள். எனக்கு எதிரே இருந்த பந்தல் கால் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

"முட்டி போடுங்க டீச்சர்!" என்று கத்தினாள்.

ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை.

"முட்டி போடுங்கன்னேன்லா! முட்டி போடுங்க!"

சேறும் தண்ணீருமான அந்த இடத்தில், அத்தனை பேர் பார்க்க, நான் முட்டி போட்டேன். இப்போது அவள் என்னைவிட உயரம். நெஞ்சு அழுந்த என் முதுகில் சாய்ந்து கையைச் சுற்றினாள். லீடர் எதிரே மண்டியிட்டு என் தோளைத் தாங்கினாள். தொப்புளுக்கு மேலே அவள் முஷ்டி பதிந்தது. உள்ளே இழுத்து மேலே ஒரு தூக்கு. இன்னொரு தூக்கு.

வெள்ளையாக ஒன்று வாயிலிருந்து தெறித்துச் சேற்றில் விழுந்தது. அதற்குப் பின்னால் சத்தம் வந்தது. மாடு கத்துகிற மாதிரி அசிங்கமான சத்தம். என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான். இருமினேன், இழுத்தேன், இருமினேன். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "என் பழத்தாலயா தாயி" என்று அவர் அழ, அவரைத் தேற்ற இன்னொருத்தர் வர வேண்டியதாயிற்று.

வடகரைப் பிள்ளை எனக்குப் பின்னாலேயே சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.  அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு: "டீச்சர், உங்கள அடிச்சேன்னு ஹெச்.எம். டீச்சர்ட்ட சொல்லிராதிய."

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றையும் விலாவையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, முதுகில் கன்றியிருந்த இடத்தைக் காட்டி, யார் அடித்தது என்று கேட்டார். "என் பிள்ளை" என்றேன். ஹெச்.எம். விவரம் கேட்டுவிட்டு, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கூட்டத்தில் நின்ற யாரோ எடுத்திருக்கிறார்கள். நான் குனிந்து நிற்க அவள் ஓங்கி அடிக்கிறாள். "முட்டி போடுங்க" என்று கத்துகிறாள். நான் முட்டி போடுகிறேன். அத்தோடு முடிந்துவிடுகிறது. பழம் வெளியே விழுந்தது அதில் இல்லை. கீழே, 'குற்றாலத்தில் டீச்சரை முட்டி போட வைத்து அடிக்கும் மாணவி. கலிகாலம்!' என்று எழுதி, தீ மாதிரி பரப்பியிருந்தார்கள். எழுதினவன் கையில் கிடைத்தால் அவனுக்கு ஐந்து அடி நானே கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை வடகரைப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. முதல் பெஞ்சில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் உம்மாதான் எடுத்தாள். "அவ வாப்பாவுக்கு யாரோ வீடியோவ அனுப்பிட்டாவ டீச்சர். இவ சொல்லுதத அவுக கேக்கவே இல்ல. டீச்சர அடிச்ச பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவாண்டாம், படிச்சது போதும்னு போன வச்சிட்டாவ. இவ சோறு தின்னல" என்றாள். பின்னால் விசும்பல் கேட்டது. வாய் ஓயாத பிள்ளை விசும்புகிறாள்.

  அவள் வாப்பாவின் நம்பரை வாங்கி, மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று துபாய்க்குப் போட்டேன்.

நான் யார் என்று சொன்னதும் அவர் என்னைப் பேசவே விடவில்லை. "டீச்சர், மன்னிச்சிருங்க டீச்சர். பிள்ளை வளப்பு சரியில்லாமப் போச்சு. நான் ஊர்ல இல்ல பாருங்க, அதான். நான் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கள்ட்ட பேச? அவ இனிமே அங்கன வர மாட்டா."

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று மைதானம் அதிரக் கத்தினேன். "ஆமா, அடிச்சா. நல்லா அடிச்சா. நான்தான் அடிக்கச் சொல்லிக் குடுத்தேன். என் தொண்டையில பழம் மாட்டி மூச்சு நின்னு போச்சு. அங்கன அத்தன பேரு நின்னாவ. ஒருத்தருக்கும் தெரியல. ஒருத்தன் உங்க மகளப் பிடிச்சுக்கூட இழுத்தான். அவ விடல. அவ அடிக்காட்டா இன்னைக்கு எனக்கு மூணாம் நாளு தம்பி. இந்தப் போன நான் போட்டிருக்க மாட்டேன். கேக்குதா? அந்த வீடியோல பாதிதான் இருக்கு. மீதி நான். உசிரோட நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்லா, அதான் மீதி."

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. 

"தம்பி," என்றேன். "பேச முடியுதா?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேவல் வந்தது. அப்புறம் ஒன்று. அந்த மனுஷர் அங்கே எந்த மூலையில் நின்று அழுதாரோ தெரியவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தம் வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், கூட நின்றால் போதும். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு அனுப்புதேன் டீச்சர்" என்றார் கடைசியில்.

"லேட்டா வரக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றேன்.